இருநூற்றைம்பதில் இருந்தவள்

கொம்பாங்குறிச்சிக்காரர்களைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியே ஆகவேண்டுமென்றால் அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு காது உண்டு என்று சொல்லலாம், அதற்குமேல் சொன்னால் பொய்யாகிவிடும். கல்யாணத்துக்கும் சத்தம், காதுகுத்துக்கும் சத்தம், கோயில் கொடைக்கும் சத்தம், செத்தவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவனே எழுந்து காதைப் பொத்திக்கொள்வானோ என்று தோன்றுகிற அளவுக்குச் சத்தம், இப்படியே வாழ்ந்து பழகிய ஊர் அது. எட்டுத் தெரு, அதில் ஏழு தெருவுக்கு ஏழு கமிட்டி, ஏழு கமிட்டிக்கும் ஒரே கவலை, பக்கத்துத் தெரு ஸ்பீக்கர் தங்கள் தெரு ஸ்பீக்கரைவிட உயரத்தில் நிற்கிறதா என்பதுதான். எட்டாவது தெருவான ஓடைக்கரைக்குக் கமிட்டி கிடையாது. தண்ணீருக்கு முறை வைத்தாலும், தார் ரோடு வந்தாலும், தெருவிளக்கு வந்தாலும், ஏழு வரைக்கும் எண்ணிவிட்டுத் தீர்ந்துபோயிற்று என்று கையை விரிப்பதை அந்த ஊர் ஒரு சாஸ்திரம் மாதிரி கடைப்பிடித்து வந்தது.

பஜாரில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த ஜெபமணி, சென்னையில் மூடிப்போன ஒரு ரெக்கார்டிங் தியேட்டரிலிருந்து பழைய மிக்ஸர் மேஜை ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான், அது படியில் ஏறாததால் ஜன்னலை இடித்து உள்ளே தள்ளினார்கள். கடற்காற்றில் பாதி செத்துப்போன மேஜை அது, பாடகனுக்கு ஒன்று வயலினுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்த திருகுகள் எல்லாம் துருப்பிடித்து அசைய மறுத்தன, உருப்படியாக மிஞ்சியது வலது ஓரத்தில் இருந்த எட்டு பஸ் மட்டும்தான். பல சத்தங்களை ஒன்றாகக் கூட்டி ஒரே வழியாக அனுப்புவதற்கு அந்தத் தொழிலில் பஸ் என்று பெயர், தோல் வாத்தியமெல்லாம் ஒரு பஸ், கோரஸ் பாடுகிறவர்களெல்லாம் ஒரு பஸ் என்று ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இருக்கிற ஈக்வலைசரில் அடிச்சத்தத்தையும் நடுச்சத்தத்தையும் கீச்சுச் சத்தத்தையும் கூட்டிக் குறைத்து, ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல் எல்லாம் சேர்ந்து கேட்கும்படி செய்வார்கள். பஸ்ஸில் ஒன்றைத் திருகினால் அதில் ஏறியிருக்கும் அத்தனைக்கும் சேர்த்துத்தான் திருகும், ஒருத்தனை மட்டும் தனியாகப் பிடித்துக் குறைக்க முடியாது. எந்தச் சத்தத்தை எந்த பஸ்ஸில் ஏற்றுவது என்பதற்கான பட்டன்கள் மட்டும் அந்த மேஜையில் நல்லபடியாக வேலை செய்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு ஒயர்கூடச் சொருகாத அந்த மேஜையில், சத்தத்தின் அளவைக் காட்டுகிற எட்டு பஸ்ஸின் முள்ளும் ஆடிக்கொண்டிருந்தன. ஜெபமணி எர்த் சரியில்லை போலும் என்று நினைத்து எர்த்தைப் பார்த்தான், எர்த் சரியாகத்தான் இருந்தது, ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸைக் கேட்டான், அதில் பஜார் இருந்தது, இரண்டாவதில் மேலரத வீதி இருந்தது, இப்படித் தெருவுக்கு ஒரு பஸ்ஸாக எட்டாவதில் ஓடைக்கரை வந்து முடிந்தது. மேஜையின் மேல்வரிசையில் ஊரில் எத்தனை தலையோ அத்தனை சின்ன விளக்குகள் இருந்தன, யார் வாயைத் திறந்தாலும் அவர் விளக்கு மினுக்கென்று எரிந்தது. அவன் ஐந்தாவது பஸ்ஸை லேசாகக் கீழே இறக்க, பள்ளிக்கூடத் தெருவில் நாய் குரைத்ததும் தறி ஓடியதும் வாத்தியார் மனைவி திட்டியதும் எல்லாம் பஞ்சில் சுற்றியதுபோல் அடங்கின.

இதைக் கேள்விப்பட்ட வேறு ஊராயிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்கும், பயந்திருக்கும், குறைந்தபட்சம் சூடமாவது கொளுத்தியிருக்கும். கொம்பாங்குறிச்சி, தண்ணீர் திறந்துவிடுகிற ஆளிடம் சண்டைக்குப் போவதுபோல ஜெபமணியிடம் சண்டைக்குப் போயிற்று, முன்கூட்டிச் சொல்லாமல் எங்கள் தெருவை எப்படிக் குறைக்கலாம் என்று கேட்டது. அடுத்த வாரம் கரண்ட் போய் மேஜை அணைந்தபோது ஊர் முழுக்க ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல் போயிற்று, பால் பொங்கியது சத்தமில்லாமல், இரண்டு மோட்டார் சைக்கிள் மோதிக்கொண்டது சத்தமில்லாமல், உடனே ஏழு கமிட்டியும் கூடி மேஜைக்கு இன்வெர்ட்டர் வைத்துக் கொடுத்து, திறப்பு விழா நடத்தி, குத்துவிளக்கு ஏற்றி, ஜெபமணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையோடு அவனுக்கு இருந்த கொஞ்ச முதுகெலும்பும் மூடிப்போயிற்று.

பிறகு கமிட்டிகள் ஒவ்வொன்றாக மாடி ஏறின. மேஜையில் சோலோ என்று ஒரு பட்டன் உண்டு, அதை அமுக்கினால் மற்றதெல்லாம் ஒதுங்கி அந்த ஒரு பஸ் மட்டும் கேட்கும், ஒவ்வொரு தெருப் பெரியவரும் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் தெருவை மட்டும் தனியாகக் கேட்டுக் கண்ணை மூடிச் சொக்கிப்போனார், ஆஹா நம்ம தெரு என்று தொடையில் தட்டினார், இன்னும் கொஞ்சம் கனம் ஏற்று என்றார். கனம் என்றால் நடுச்சத்தம். தனியாகக் கேட்டு வைக்கிற கணக்கு சேர்த்துக் கேட்கும்போது நிற்காது, எல்லாரும் ஒரே இடத்தில் கனம் ஏற்றினால் கடைசியில் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்று ஜெபமணி முதல் கமிட்டியிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான், அவர்கள் பொன்னாடையைப் பார்த்தார்கள், அவன் திருகை ஏற்றினான், அதற்குப் பிறகு மற்றவர்களிடம் அதைச் சொல்லவும் இல்லை.

ஏழு தெருவும் கனமாகி முடிந்தபோது ஊர் மொத்தமும் கட்டிலுக்கு அடியில் லாரி நிறுத்தி இன்ஜினை அணைக்காமல் விட்டதுபோல உறுமத் தொடங்கியது. புருஷன் பேசுவது பெண்டாட்டிக்குக் கேட்கவில்லை, அது சில வீடுகளில் நன்மையாகவும் முடிந்தது, கடையில் துவரம்பருப்பு கேட்டவனுக்குப் புளி கட்டிக் கொடுத்தார்கள், பூசாரியின் மந்திரம் கேட்காமல் மணியை மட்டும் பார்த்துக் கும்பிட்டார்கள். ஆனாலும் ஒரு தெருவாவது தன் திருகைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்ததா என்றால் இல்லை, எதிர்வீட்டுக்காரன் குறைக்கட்டும், நான் யோசிக்கிறேன் என்று எல்லாரும் அழகாகக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த உறுமலுக்குள்ளும் ஒரு குரல் கேட்டது, அதுதான் அவர்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. ஓடைக்கரையில் இருந்த மாடத்தியின் குரல். அவள் மகன் சொரிமுத்து, பஜாரில் பெரிய வீட்டுக்காரரான குத்தாலிங்கத்தின் ரைஸ் மில்லில் வேலை பார்த்தான், நெல் ஊறவைத்த தண்ணீர் நாறிக் கிடந்த மூடிய தொட்டிக்குள் இறங்கியவன் மேலே வரவில்லை. குடித்துவிட்டுத் தானாக விழுந்தான் என்று குத்தாலிங்கம் சொன்னார், ஊர் அதை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டது, ஏனென்றால் எல்லாக் கொடைக்கும் பந்தல் அவர் செலவு. அன்றிலிருந்து தினமும் காலையில் மாடத்தி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள், அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை, ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டாள்.

"மொதலாளி, எம் புள்ளைய எதுக்கு உள்ள எறக்குனீய?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கொஞ்சம் நிற்பாள், பிறகு போய்விடுவாள். ஆம்பிளைக் குரலுக்குப் பக்கத்தில் நிற்கிற தணிந்த கரகரத்த குரல் அவளுக்கு, உயரவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. நடுச்சத்தத் திருகுக்குக் கீழே 250 என்று எண் போட்டிருந்தது, மனிதக் குரலுக்கு நெஞ்சு இருக்கிற இடம் அது, மாடத்தியின் குரல் முழுக்க முழுக்க அந்த இடத்திலேயே குடியிருந்தது.

கமிட்டிகள் கூடி, ஊர்ச் சத்தம் சேறாகக் கேட்கிறது, யாராவது நடுவைக் குறைத்தால்தான் தெளியும் என்று முடிவெடுத்தன, யார் குறைப்பது என்று கேட்டபோது ஏழு தலையும் ஓடைக்கரைப் பக்கம் திரும்பின. அங்கேயிருந்து கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை, ஏனென்றால் ஒருவரையும் கூப்பிடவில்லை. ஜெபமணி எட்டாவது பஸ்ஸின் நடுத்திருகை அடிவரைக்கும் இறக்கினான். ஓடைக்கரையில் எருமை வாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது, அம்மி அரைத்தால் உப்புத்தாள் தேய்ப்பதுபோலக் கேட்டது, மில்லில் வேலை பார்த்த ஆட்கள் தங்களுக்குள் முணுமுணுத்தது அவர்கள் காதுக்கே எட்டவில்லை, மாடத்தி மறுநாள் வாசலில் வந்து நின்று வாயை அசைத்தபோது குத்தாலிங்கம் மாடியில் நின்றுகொண்டு பல் விளக்கினார். ஊர் உறுமல் இம்மியும் குறையவில்லை. இருந்தும் எல்லாரும் ஒருவருக்கொருவர் கத்திக் கத்தி, இப்போ எவ்வளவு தெளிவா இருக்கு பாரும் என்று சொல்லிக்கொண்டார்கள், அந்த வெட்கங்கெட்ட தனத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

மாடத்தி ஒரு மத்தியானம் மாடி ஏறி ஜெபமணியின் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு முன்னால் ஏறி வந்தவர்கள் எல்லாம் நாற்காலியைப் பார்த்தார்கள், அவள் அவனைப் பார்த்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை, ஆனால் மேல்வரிசையில் ஒரே ஒரு விளக்கு எரிந்து அணைந்தது, மறுபடி வாய் அசைந்தது, மறுபடி எரிந்து அணைந்தது. அவள் என்ன கேட்கிறாள் என்று ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், அவனுக்கும் தெரியும். இரக்கப்பட்டு அவன் அதைச் செய்தான் என்று நான் சொல்ல மாட்டேன், அன்று காலையில்தான் குத்தாலிங்கம் அவனைத் தெருவில் வைத்து, மைக்செட்காரனுக்குப் பொன்னாடை ஒரு கேடா என்று கேட்டிருந்தார், அந்தக் கடுப்பு பாதி, எட்டாவது பஸ்ஸின் நடுச்சத்தத்தில் விழுந்திருந்த ஓட்டை அவன் காதை உறுத்திக்கொண்டிருந்தது பாதி. எரிந்த விளக்குக்கு நேர்கீழே இருந்த எட்டு என்ற பட்டனை எடுத்துவிட்டு ஒன்று என்ற பட்டனை அமுக்கினான். மாடத்தி அந்தக் கணத்தில் பஜார் பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள் காலையில் பஜார் தனக்கு ஏற்றிக்கொண்ட கனம் முழுவதும் அவளுக்கும் சேர்ந்து ஏறியிருந்தது. அவள் எப்போதும்போலத் தணிந்துதான் கேட்டாள், அந்தக் கேள்வி பஜாரின் கடைசிக் கடை வரைக்கும் போய்ப் பித்தளைக் குடங்களை அதிரவைத்தது, நகைக்கடைக் கண்ணாடி நடுங்கியது, குத்தாலிங்கத்தின் வாயிலிருந்து பிரஷ் விழுந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஜார் கமிட்டியோடு மாடி ஏறி வந்தார்.

"ஓடைக்கரக்காரி கொரலு எங்க தெருவுல எப்படி வே வந்துது? அவளக் கொற."

"அவள மட்டும் தனியாக் கொறைக்க முடியாது அண்ணாச்சி," என்றான் ஜெபமணி. "ஒரு பஸ்ல ஏறிட்டா எல்லாத்துக்கும் ஒரே திருகுதான். அவளக் கொறச்சா ஒங்க எல்லாரையும் சேத்துத்தான் கொறைக்கும்."

பழையபடி எட்டிலேயே தள்ளு என்றார்கள், அந்த பட்டன் போய்விட்டது என்றான் அவன், அது பச்சைப் பொய், அந்த மேஜையில் யாருக்கும் எதுவும் தெரியாது என்பதால் செல்லுபடியான பொய். வேண்டுமானால் வேறு தெருவுக்கு மாற்றலாம் என்றும் சொன்னான். மாற்றுவதற்கு முன்னால் அவள் இன்னொரு தடவை வாயைத் திறந்துவிடுவாளோ என்ற பதற்றம் குத்தாலிங்கத்துக்கு. யோசிக்கிறவராக இருந்திருந்தால் யோசித்திருப்பார். யோசிப்பதற்கு அவர் எப்போதும் ஆள் வைத்திருந்தார்.

"அப்போ எங்களையும் சேத்தே கொற," என்றார்.

அதிலும் ஒரு மரியாதை பார்த்தார். எங்கள் தெருத் திருகை எங்கள் தெருக்காரன்தான் தொடவேண்டும் என்று ஜெபமணியின் கையைத் தட்டிவிட்டு, தேர் வடம் தொட்டுக் கொடுப்பதுபோலச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, 250 என்று எண் போட்ட திருகைத் தன் கையாலேயே அடிவரைக்கும் முறுக்கினார், அடி வந்த பிறகும் முறுக்கினார், பழைய திருகு பல் பிடுங்கியதுபோலக் கையோடு வந்துவிட்டது. கமிட்டி கைதட்டியது. வெற்றி என்று அவர் சொன்னபோது வெளியே வந்தது கொசுவின் குரல், ஆனால் மாடத்தியின் சத்தமும் பஜாரில் அற்றுப்போனதால் ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெபமணி மாடத்தியை இரண்டாவது பஸ்ஸில் ஏற்றினான். பஜாரே தன்னைக் குறைத்துக்கொண்டபோது நாங்கள் என்ன இளைத்தவர்களா என்று மேலரத வீதி மாடி ஏறி வந்தது, அதன் பெரியவர் பஜாரைவிட ஒரு சுற்று கூடுதலாக முறுக்கித் திருகை உடைத்தார், அவள் மூன்றாவதுக்குப் போனாள், மூன்றாவது தெரு உடைத்தது, நான்காவது மாலை போட்டுக்கொண்டு வந்து உடைத்தது, ஐந்தாவது தவில் வைத்து உடைத்தது, ஆறாவதும் ஏழாவதும் யார் முந்தி என்று சண்டை போட்டுக்கொண்டு ஒரே நாளில் உடைத்தன. ஒரு பொம்பிளையின் ஒரு கேள்வியைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக ஏழு தெருவும் தங்கள் நெஞ்சைத் தாங்களே பிடுங்கிப் போட்டன. அதற்குப் பிறகு கொம்பாங்குறிச்சியில் ஆம்பிளைகள் அதட்டினால் ஈ பறந்தது, பட்டிமன்றத்தில் நடுவர் தகர டப்பாவைச் சுரண்டுவதுபோலத் தீர்ப்புச் சொன்னார், மாப்பிள்ளை பெண்ணிடம் பேசிய முதல் வார்த்தைக்கு அவள் எலி என்று கட்டிலில் ஏறி நின்றாள், அந்த மேஜைக்கு உதிரி பாகம் செய்கிறவர்கள் செத்துப் பல காலம் ஆகிவிட்டது என்பதால் ரிப்பேருக்கும் வழியில்லை. இதையும் அவர்கள் பழகிக்கொண்டார்கள், நாகரிகமான ஊர்களில் இப்படித்தான் மெல்லிசாகப் பேசுவார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஜெபமணி கடைசியாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சோலோ எதையும் அமுக்காமல், எட்டு பஸ்ஸையும் சேர்த்துக் கேட்டான். அந்த உறுமல் போயிருந்தது. ஏழு தெருவும் விலகிக்கொண்டதில் இருநூற்றைம்பது என்ற இடம் கூட்டம் கலைந்த மைதானம்போல அகலமாகக் காலியாகக் கிடந்தது. இவ்வளவு சுத்தமாக எந்த மிக்ஸிங்கிலும் யாரும் இடம் விட்டு அவன் பார்த்ததில்லை, நியாயத்துக்காக விட்டிருந்தால் இதில் பாதிகூட விட்டிருக்க மாட்டார்கள். அவன் மாடத்தியை மறுபடி எட்டில் ஏற்றி, உடையாமல் மிஞ்சியிருந்த ஒரே நடுத்திருகான ஓடைக்கரைத் திருகைப் பழைய அளவுக்கு உயர்த்தினான், அதற்குமேல் ஒரு நூல்கூட உயர்த்தவில்லை.

ஓடைக்கரையில் எருமை கத்தியது, ஊர் முழுக்கக் கேட்டது. அம்மி அரைத்தது கேட்டது. மாடத்தி தன் வீட்டுக்குள் உட்கார்ந்தபடி கேள்வியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டது ஏழு தெருவிலும் பக்கத்தில் நின்று சொன்னதுபோலக் கேட்டது. அதோடு மில் ஆட்களின் முணுமுணுப்பும் கேட்டது, அன்றைக்குத்தான் புதிதாக ஏதோ சொன்னார்கள் என்று நினைக்காதீர்கள், சொரிமுத்து செத்த நாளிலிருந்து சோற்றில் கை வைக்கும்போதும் பீடி பற்றவைக்கும்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் மாட்டேன்னுதான் சொன்னான், நாத்தம் அடிக்கி, தலை சுத்துதுன்னு சொன்னான், எறங்குல நாயேன்னு மொதலாளிதான் விரட்டுனாரு, பயலுக்கு அன்னைக்கு ஒரு சொட்டுச் சாராயங்கூட உள்ள போகல. இதை நகைக்கடையிலும் கேட்டார்கள், பள்ளிக்கூடத்திலும் கேட்டார்கள், குத்தாலிங்கத்தின் சாப்பாட்டு மேஜையில் அவர் பேரன் கேட்டுவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தான்.

உடனே ஊருக்கு மனசாட்சி வந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் இந்த ஊரில் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவர்களுக்குத் தூக்கம் போயிற்று, டிவி பார்க்க முடியவில்லை, பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு யார் அந்த மொதலாளி என்று விசாரித்தார்கள். அதனால்தான் ஏழு கமிட்டியும் கொசுக்கூட்டம்போலக் குத்தாலிங்கத்தின் வீட்டு முற்றத்தில் கூடி, போய் ஒரு பதிலைச் சொல்லித் தொலையும், அவள் வாயை மூடட்டும், நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம் என்று நச்சரித்தன. எட்டாவது திருகை மறுபடி இறக்கலாம் என்றார் அவர், அதைத் தொட்டால் மேஜையே அணைந்துவிடும் என்று ஜெபமணி ஏற்கனவே அவர்களிடம் இன்னொரு பச்சைப் பொய் சொல்லி வைத்திருந்தான். மெஷினையே அணைத்துவிடலாம் என்றார், அணைத்தால் மிஞ்சியிருக்கிற கொசுக்குரலும் போய்விடும் என்று அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

குத்தாலிங்கம் பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஓடைக்கரைக்குள் நடந்து வந்தார், பின்னால் ஊர் வந்தது. மாடத்தி வெளியே வந்து வாசல்நடையில் நின்றாள். அவர் தொண்டையைச் செருமினார், செருமல் கேட்கவில்லை.

"நாந்தான் எறங்கச் சொன்னேன்," என்றார்.

ஈர்க்குச்சியால் தகரத்தில் கீறியதுபோல ஏதோ வந்தது, அதற்குள்ளே ஆளே இல்லை. பின்னால் நின்றவர்கள், சொல்லிட்டாருல்லா, சொல்லிட்டாருல்லா என்று கீச்சிட்டார்கள். அவர் மறுபடி சொன்னார், கழுத்து நரம்பு புடைக்கக் கத்திச் சொன்னார், கத்தக் கத்த இன்னும் மெல்லிசாகத்தான் போயிற்று. கூட்டத்தில் நின்ற ஜெபமணி முன்னால் வந்து, அண்ணாச்சி, நெஞ்சு மிஞ்சியிருப்பது எட்டாவது பஸ்ஸில் மட்டும்தான், ஒரு நிமிஷம் உங்களை இந்தத் தெருக்காரர்களோடு ஏற்றிவிடுகிறேன், சொல்வது நல்லபடியாகக் கேட்கும் என்றான். ஊரே தலையை ஆட்டியது, ஏறிக்கொள்ளும் என்று கெஞ்சியது.

குத்தாலிங்கம் சுற்றிலும் நின்ற ஓடைக்கரை ஆட்களைப் பார்த்தார், தன் மில்லில் மூட்டை தூக்குகிற முகங்கள், கூரைகள், எருமை. கொலை செய்ததை ஒத்துக்கொள்ள வந்த மனிதருக்கு அவர்களோடு ஒரு நிமிஷம் ஒன்றாக ஏறுவதற்கு மனம் வரவில்லை.

"அது மட்டும் முடியாது," என்றார், அது எல்லாருக்கும் எப்படியோ கேட்டுவிட்டது.

ஆகவே இன்றைக்கும் கொம்பாங்குறிச்சிக்குப் போகிறவர்கள் காலையில் இதைப் பார்க்கலாம். மாடத்தி இப்போது பஜாருக்குப் போவதில்லை. விடிந்ததும் கேள்வியை ஒரு தடவை சொல்கிறாள், எட்டுத் தெருவுக்கும் கேட்கிறது, ஊர் தன் கொசுக்குரலில் குத்தாலிங்கத்தை வீட்டைவிட்டு விரட்டுகிறது, அவர் ஓடைக்கரைக்கு நடந்து வந்து அவள் வாசலில் நின்று, நாந்தான் எறங்கச் சொன்னேன், நாந்தான் எறங்கச் சொன்னேன் என்று வியர்க்க வியர்க்கச் சொல்கிறார். அவளுக்குக் கேட்கிறது, முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு எழுத்தும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அவர் முடிக்கிற வரைக்கும் நின்று முகத்தைப் பார்க்கிறாள், பிறகு அந்தத் தணிந்த கரகரத்த குரலில், உயர்த்தாமல், இறக்காமல் சொல்கிறாள்.

"கேக்கல மொதலாளி. நாளைக்கு வாங்க."